மேற்குப் பாறையில் மாலை, கிழக்குப் பாறையில் காலை

விஸ்கான்சின் என்றால் சிகாகோ பக்கத்துத் தமிழ்க் குடும்பங்களுக்கு டெல்ஸ்தான் ஞாபகம் வரும். பிள்ளைகள் சின்னவர்களாக இருக்கும்வரை எல்லாரும் அங்கேதான் போகிறோம். தண்ணீர்ச் சறுக்கு, குளோரின் வாசம், ஓட்டல் அறையில் ரைஸ் குக்கரில் கொதிக்கும் சாதம். நாங்களும் அப்படித்தான் போய்வந்தோம், சந்தோஷமாகவே போய்வந்தோம். அந்த டெல்ஸிலிருந்து இருபது நிமிஷத் தொலைவில், பேரபூ என்ற சிற்றூருக்குத் தெற்கே, செங்குத்தான பாறைகளுக்கு நடுவில் ஒரு ஏரி இருக்கிறது. டெவில்ஸ் லேக் ஸ்டேட் பார்க். விஸ்கான்சின் மாநிலப் பூங்காக்களிலேயே அதிகக் கூட்டம் வருவது இங்கேதான். ஆனாலும் நம் ஆட்களிடம் கேட்டால், "டெல்ஸ் போற வழியில போர்டு பார்த்திருக்கோம்" என்பார்கள். இந்தப் பதிவு அவர்களுக்காக. முக்கியமாக, பிள்ளைகள் வளர்ந்து வெளியே போய், வீட்டில் இரண்டு பேர் மட்டும் மிஞ்சியிருக்கிற தம்பதிகளுக்காக.

எங்கள் வீட்டிலும் இப்போது அதே நிலைதான். மகள் வேலைக்குப் போய்விட்டாள், மகன் காலேஜ் டார்மில். குக்கர் சின்னதாகிவிட்டது. பேச்சும் சின்னதாகிக்கொண்டே வருகிறது என்று எனக்குத் தோன்றியது. கரண்ட் பில் கட்டியாச்சா, பால் வாங்கணுமா, பையன் போன் பண்ணினானா. சண்டை, மனஸ்தாபம் எதுவும் கிடையாது. இரண்டு பேரும் ஒரே பக்கம் பார்த்துக்கொண்டு, எந்த வேலையும் இல்லாமல் நடந்து நாளாகிவிட்டது, அவ்வளவுதான்.

"ஏங்க, நாம ரெண்டு பேர் மட்டும் எங்கயாவது போலாமா? நடக்கற மாதிரி இடம்."

"போலாமே. என் முட்டி ஒத்துக்கற மாதிரி பாரு."

அக்டோபர் பயணத்துக்கான இந்தப் பேச்சு நடந்தது முந்தின நவம்பரில். விஸ்கான்சின் மாநிலப் பூங்காக்களில் கூடாரம் போடும் இடங்களைப் பதினொரு மாதம் முன்கூட்டியே பதிவு செய்யலாம். இலை நிறம் மாறும் வாரக் கடைசிகள் திறந்த உடனே போய்விடும். போக நினைப்பவர்கள் முதலில் மனத்தில் வைக்க வேண்டியது இதுதான். அன்றன்று காரை எடுத்துக்கொண்டு போனாலும் உள்ளே விடுவார்கள், ஆனால் அக்டோபர் சனிக்கிழமை காலையிலேயே கார் நிறுத்துமிடங்கள் நிரம்பிவிடும். உள்ளே தங்கினால் அந்தக் கவலை இல்லை. வடகரைக்கு நடந்துபோகும் தூரத்தில் இருக்கும் குவார்ட்ஸைட் கேம்ப்கிரவுண்டில் எங்களுக்கு இடம் கிடைத்தது. மர நிழல் குறைவு, ஆனால் ஏரி பக்கத்தில்.

வெள்ளிக்கிழமை அரை நாள் லீவு போட்டுவிட்டுக் கிளம்பினோம். ஐ-90ல் ராக்ஃபோர்ட் தாண்டி, இலினாய் எல்லையோடு டோல் முடிந்துவிடும். மேடிசன் கடந்ததும் நிலம் மெல்ல ஏறி இறங்கத் தொடங்கும். சோளக்காடும் சிவப்புக் கொட்டகைகளுமாகத் தட்டையாக வந்துகொண்டிருந்த பூமியில், பேரபூ நெருங்கும்போது திடீரென்று ஒரு மலைத்தொடர் எழும்பும். வழியில் விறகு வாங்கினோம். வீட்டிலிருந்து விறகு கொண்டுபோகக் கூடாது. ஆஷ் மரங்களைக் கூண்டோடு அழித்துக்கொண்டிருக்கும் ஒரு பச்சை வண்டு விறகுக் கட்டையில் ஒளிந்து ஊர் ஊராகப் போகிறது என்பதால் அந்தக் கட்டுப்பாடு. பூங்காவுக்குப் பத்து மைலுக்குள் வெட்டிய விறகையோ சான்றிதழ் உள்ள விறகையோதான் அனுமதிப்பார்கள். வழியெங்கும் வீட்டு வாசல்களில் கட்டுக்கட்டாக அடுக்கி, பக்கத்தில் பணம் போட ஒரு பெட்டி வைத்திருக்கிறார்கள்.

கூடாரத்தை அடித்து முடித்ததும் நேராக மேற்குப் பாறைக்குப் போனோம். இந்த வரிசையை நான் எல்லாருக்கும் சிபாரிசு செய்வேன். ஏரி வடக்குத் தெற்காகக் கிடக்கிறது. கிழக்கே ஒரு பாறைச் சுவர், மேற்கே ஒரு பாறைச் சுவர், இரண்டும் ஏறத்தாழ 500 அடி உயரம். மாலையில் மேற்குப் பாறையின் மேல் நின்றால் சூரியன் முதுகுக்குப் பின்னால் இருப்பான். எதிரே கிழக்குப் பாறை முழுவதும் வெயிலில் குளிக்கும். காலையில் மேற்குப் பாறை அதேபோல் ஒளிரும். இது தெரியாமல் மாற்றிப் போனால் கண் கூசுவதுதான் மிச்சம்.

மேற்குப் பாதை ஏறும்போது மூச்சு வாங்குகிறது, ஆனால் முரட்டு ஏற்றம் இல்லை. கல் படிகள், நடுநடுவே பழைய தார் போட்ட துண்டுகள், மறுபடியும் படிகள். ஓக், மேப்பிள், ஹிக்கரி மரங்களின் இலைகள் காலடியில் சரசரத்தன. விளிம்புக்கு வந்ததும் மரங்கள் விலகி, ஏரி கீழே மொத்தமாகத் தெரிந்தது. 360 ஏக்கர்தான், இதைவிடப் பெரிய ஏரிகள் விஸ்கான்சினில் எத்தனையோ உண்டு. ஆனால் இரண்டு பக்கமும் சுவர் எழும்பி நிற்கும் இப்படி ஓர் ஏரியை நான் மிட்வெஸ்டில் வேறெங்கும் பார்த்ததில்லை. இன்னொரு விஷயமும் உடனே தெரிந்தது. சத்தம் இல்லை. பெட்ரோல் மோட்டார் படகுகளுக்கு இந்த ஏரியில் இடமில்லை. துடுப்பு, பாய், அல்லது பேட்டரி மோட்டார் மட்டும்தான். அதனால் கீழே கயாக்கில் போகிற யாரோ இரண்டு பேர் சிரிப்பது பாறை உச்சிவரை தெளிவாகக் கேட்டது.

எதிரே கிழக்குப் பாறை ரோஸும் ஊதாவும் கலந்த நிறத்தில் எரிந்துகொண்டிருந்தது. அந்த நிறம் கல்லிலேயே இருக்கிறது. இரும்பு ஆக்ஸைடு தரும் நிறம். சுமார் 170 கோடி ஆண்டுகளுக்கு முன்னால் இங்கே படிந்த மணல், அழுத்தத்திலும் வெப்பத்திலும் இறுகி இறுகி குவார்ட்ஸைட் ஆனது. இந்தக் கல்லுக்கே பேரபூ குவார்ட்ஸைட் என்று பெயர். உலகின் பழைய பாறைகள் பட்டியலில் இதற்கு இடம் உண்டா என்றெல்லாம் இவர் யோசித்துக்கொண்டிருந்தார். எனக்கு வேறொன்று பிடித்திருந்தது: ஏரி மட்டும் நேற்று வந்தது.

அந்தக் கதையைச் சொல்லியே ஆக வேண்டும். இரண்டு பாறைகளுக்கும் நடுவில் முன்பு ஒரு ஆறு ஓடியது. கடைசிப் பனியுகத்தில் கிழக்கிலிருந்து ஒரு பனிப்பாளம் நகர்ந்து வந்து இங்கே நின்றது. பள்ளத்தாக்கின் வடக்கு வாயிலும் தென்கிழக்கு வாயிலும் அது தான் சுமந்து வந்த மண்ணையும் கல்லையும் கொட்டியது. பனி உருகிப் பின்வாங்கியபோது இரண்டு பக்கமும் கரை எழும்பியிருந்தது. ஆறு மலையைச் சுற்றிக்கொண்டு கிழக்கே வேறு வழியில் போய்விட்டது. அதுதான் இன்றைய விஸ்கான்சின் ஆறு. அடைபட்ட நீர் ஏரியானது. இன்றைக்கும் ஏரியிலிருந்து வெளியே ஓடும் ஓடை எதுவும் கிடையாது. இதெல்லாம் கடந்த இருபதாயிரம் ஆண்டுகளுக்குள் நடந்தவை. நாங்கள் நின்ற மேற்குப் பாறையின் மேல் பனி ஏறவே இல்லை. அங்கிருந்து மேற்கே போகப் போக, பனிப்பாளம் தொடாத பூமி. பெரும் பனியின் எல்லைக்கோடு இந்தப் பூங்காவுக்குள்ளேயே ஓடுகிறது என்று நினைக்கவே எனக்கு உடம்பு சிலிர்த்தது.

"அப்போ நாம நிக்கற இடம் தப்பிச்ச இடம்" என்றார் இவர். "நாளைக்கு நடக்கப்போற இடம்தான் மாட்டிக்கிட்ட இடம்."

இருட்டும் முன் இறங்கிவிட்டோம். விளிம்பில் கைப்பிடி கிடையாது, குவார்ட்ஸைட் ஈரமானால் வழுக்கும். மாலையில் ஏறுபவர்கள் டார்ச் இல்லாமல் போகவே கூடாது. இரவு ஐந்து டிகிரிக்குப் போனது. தீ மூட்டி, சோளக் கதிரைச் சுட்டு, எலுமிச்சையும் மிளகாய்ப்பொடியும் தேய்த்துச் சாப்பிட்டோம். கிழக்குக் கரையோரமாக ஒரு ரயில் பாதை போகிறது. 1873இல் போட்டது. இப்போதும் சரக்கு ரயில்கள் போகும். நாங்கள் படுத்த பிறகு ஒன்று போனது. பாறைக்குப் பாறை மோதி அதன் ஊதல் சத்தம் அடங்க வெகுநேரம் ஆனது. அந்த ரயிலைப் பற்றி இவர் சொல்ல, நான் கேட்க, பேச்சு எங்கேயோ போய் என் மாமனாரின் ரயில்வே உத்தியோகம், திருச்சி பொன்மலைக் குவார்ட்டர்ஸ், அங்கே இவர் சின்ன வயதில் கேட்ட பட்டறைச் சங்கு வரைக்கும் போனது. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அந்தச் சங்கைப் பற்றி இவர் என்னிடம் சொன்னதே இல்லை.

அந்த ரயில்தான் ஒருகாலத்தில் சிகாகோக்காரர்களை இந்த ஏரிக்குக் கூட்டிவந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் இங்கே பெரிய ஓட்டல்கள் இருந்தன, நடன மண்டபம் இருந்தது. ஏரிக்கரை தனியார் கையில் இருந்தது. ஜான் நோலன் என்ற நிலவடிவமைப்பாளர் 1909இல் மாநில அரசுக்காக ஓர் அறிக்கை எழுதினார். விஸ்கான்சின் எந்தெந்த இடங்களைப் பூங்காவாகக் காக்க வேண்டும் என்று அவர் சொன்ன பட்டியலில் இந்த ஏரியும் ஒன்று. 1911இல் பூங்கா அமைந்தது. இது தானாக நடக்கவில்லை என்பதை நான் திரும்பத் திரும்ப நினைத்துக்கொள்கிறேன். யாரோ எழுதினார்கள், யாரோ கேட்டார்கள், யாரோ பணம் ஒதுக்கினார்கள். இல்லாவிட்டால் இன்று இந்தக் கரை முழுவதும் ஒரு பெரிய கேட்டுக்குப் பின்னால் இருந்திருக்கும். இப்போது காருக்கு ஒரு ஸ்டிக்கர் வாங்கினால் போதும். வெளி மாநில நம்பர் பிளேட் என்றால் கொஞ்சம் கூடுதல். அதை முணுமுணுக்காமல் கொடுக்கலாம்.

சனிக்கிழமை ஏரியைச் சுற்றினோம். வழக்கமாக எல்லாரும் கிழக்குப் பாறையில் வடக்கிலிருந்து தொடங்கித் தெற்கே இறங்குவார்கள். நாங்கள் எதிர்ப்புறமாகப் போனோம். காரணம் இவருடைய முட்டி. தெற்குப் பக்கம் செங்குத்தான படிகள். ஐம்பதைத் தாண்டிய முட்டிக்கு ஏறுவதைவிட இறங்குவதுதான் வேதனை. அதனால் முதலில் மேற்குப் பாறையின் அடிவாரத்தில், தண்ணீரை ஒட்டிச் சமதளமாகப் போகும் டம்பிள்டு ராக்ஸ் பாதை. பெயருக்கேற்ப, உருண்டு விழுந்த பாறைகளின் நடுவே போகிறது அது. குளிரில் விரிசலுக்குள் போன தண்ணீர் உறைந்து விரிய, பாறை உடைந்து உடைந்து சரிந்த குவியல். கார் அளவு கல், அலமாரி அளவு கல், ஒன்றன்மேல் ஒன்று. காலை வெயில் அவை மேல் நேராக விழுந்துகொண்டிருந்தது.

அங்கே ஒரு கல் முன்னால் இவர் நின்றுவிட்டார். நான் முன்னால் போய்த் திரும்பிப் பார்த்தால் ஆள் குனிந்திருக்கிறார்.

"இங்க வந்து தொட்டுப் பாரு."

கல்லின் மேல்பக்கம் முழுவதும் வரி வரியாக மேடு பள்ளம். விரல் அகலத்துக்கு ஒரு மேடு, அடுத்து ஒரு பள்ளம், அடுத்து ஒரு மேடு. மெரினாவில் அலை வாங்கிக்கொண்டு போனபின் ஈர மணலில் தெரியுமே, அதே வரிகள். அதே போன்றவை என்று சொல்லவில்லை, அவையேதான். 170 கோடி ஆண்டுகளுக்கு முன் ஆழமில்லாத நீர் மணலில் வரைந்துவிட்டுப் போனது. மணல் கல்லாகி, கல் மடங்கி, மலையாகி, உடைந்து, விழுந்து, வரி மட்டும் அழியவில்லை. மேட்டில் கை வைத்தால் வெயிலில் இளஞ்சூடு, பள்ளத்தில் இன்னும் இரவின் குளிர்ச்சி. நடைப்பயணம் என்றால் எத்தனை மைல், எத்தனை மணி நேரம் என்று கணக்குப் பார்ப்பவள் நான். அன்றைக்கு அந்தக் கல்லுக்கு முன்னால் எவ்வளவு நேரம் இருந்தோம் என்று தெரியவில்லை. இவரிடம் எனக்குப் பிடித்த குணம் இது: வழியில் எது கிடைத்தாலும் நின்று பார்ப்பது. வீட்டுக்குள் இருக்கும்போது அதே குணத்தை நான் தாமதம் என்று நினைத்துவிடுகிறேன்.

தென்கரையில் புல்வெளியை ஒட்டி, தாழ்வான கம்பி வேலிக்கோ கயிற்றுக்கோகூட அவசியம் இல்லாததுபோல் அமைதியாகக் கிடக்கிறது ஒரு மண்மேடு. பறவை வடிவம். இறக்கையை விரித்த நிலையில். சுமார் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பு ஹோ-சங்க் மக்களின் முன்னோர்கள் எழுப்பியது. பூங்காவில் வேறு விலங்கு வடிவ மேடுகளும் உண்டு. தரையில் நின்று பார்த்தால் வடிவம் சட்டென்று பிடிபடாது. அறிவிப்புப் பலகையில் உள்ள வரைபடத்தைப் பார்த்துவிட்டு, பிறகு இறக்கையின் விளிம்பைக் கண்ணால் தொடர வேண்டும். ஹோ-சங்க் மக்களுக்கு இந்த ஏரி புனிதமானது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அவர்களை இந்த மண்ணிலிருந்து திரும்பத் திரும்ப மேற்கே விரட்டினார்கள். அவர்களில் பலர் திரும்பத் திரும்ப நடந்தே வந்துவிட்டார்கள். இன்றைக்கும் விஸ்கான்சினில் இருக்கிறார்கள். பூங்காவின் வரலாற்றை 1911இல் தொடங்குவது வசதிதான், ஆனால் நியாயமில்லை. ஒரு குழந்தை மேட்டின் மேல் ஏறப் போனது. அதன் அம்மா ஓடிவந்து கையைப் பிடித்துக் கீழே இழுத்துப் பொறுமையாக விளக்கினாள். அந்த அம்மாவை எனக்கு மிகவும் பிடித்துவிட்டது.

அங்கேயே ஒரு பெஞ்சில் காலைச் சாப்பாடு. மிளகாய்ப்பொடி தடவிய இட்லி, பிளாஸ்கில் சுக்கு காபி. இந்த மாதிரி நடைக்குப் பொடி இட்லியைவிட நல்ல உணவு எதுவும் கண்டுபிடிக்கப்படவில்லை என்பது என் தீர்மானமான கருத்து. ஒழுகாது, கெடாது, வயிறு அடைக்காது.

பிறகு பேலன்ஸ்டு ராக் பாதை. இந்தப் பதிவை நான் எழுத உட்கார்ந்ததே இந்தப் படிக்கட்டுக்காகத்தான்.

தூரம் கொஞ்சம்தான். ஆனால் பாறைச் சரிவில் நேர் மேலே ஏறுகிறது. கீழே நின்று பார்த்தால் வெறும் கற்குவியல், பாதை எங்கே என்றே தெரியாது. கால் வைத்து ஏறத் தொடங்கிய பிறகுதான் புரிகிறது: குவியலின் கற்களையே எடுத்து, புரட்டி, தட்டையான பக்கம் மேலே வரும்படி பொருத்தி, சரிவுக்குள்ளேயே ஒரு படிக்கட்டை ஒளித்து வைத்திருக்கிறார்கள். சிமெண்ட் கண்ணில் படவில்லை. ஒரு படி முழங்கால் உயரம், அடுத்தது சாண் உயரம். திரும்பும் இடங்களில் ஒரு கல் கொஞ்சம் அகலமாக, மூச்சு வாங்கி நிற்பதற்கென்றே போட்டது போல். நான் ஒவ்வொரு படியிலும் முதலில் முன்காலை ஊன்றி அழுத்திப் பார்த்துக்கொண்டே போனேன். நான் மிதித்த ஒரு கல்கூட ஆடவில்லை.

இந்தப் பூங்காவின் கல் படிகளிலும் பாதைகளிலும் கட்டடங்களிலும் பெரும்பகுதி சிவிலியன் கன்சர்வேஷன் கோர் வேலை. சுருக்கமாக சிசிசி. 1930களின் பெருமந்தத்தில் வேலையில்லாமல் இருந்த இளைஞர்களுக்காக அதிபர் ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்ட் 1933இல் தொடங்கிய திட்டம். பதினெட்டு வயதிலிருந்து இருபத்தைந்து வயதுவரையான பையன்கள், முகாமில் தங்கி, காடு வளர்த்து, பாதை போட்டு, பாலம் கட்டினார்கள். மாதச் சம்பளம் 30 டாலர். அதில் 25 டாலர் நேராக வீட்டுக்குப் போய்விடும். நாடு முழுக்க அவர்கள் நட்ட மரங்கள் மட்டும் 300 கோடி. டெவில்ஸ் லேக் முகாம் 1935 முதல் 1941 வரை இருந்தது. ஏறக்குறைய 200 பேர் தங்கியிருந்தார்கள். கடப்பாரையும் கையுமாக இந்தக் கற்களைப் புரட்டினார்கள். கிழக்குப் பக்கத்துப் பாதை ஒன்றுக்கே சிசிசி என்று பெயர் வைத்திருக்கிறார்கள்.

எனக்கு ஒவ்வொரு படியிலும் என் மகன் வயது ஞாபகம் வந்தது. அந்த வயதுப் பையன் ஒருத்தன், வீட்டில் கஷ்டம், கையில் ஐந்து டாலர், முதுகில் வெயில். தன் வாழ்நாளில் பார்க்கவே போகாத ஆட்களுக்காக ஒரு கல்லை இன்னும் கொஞ்சம் திருப்பி, ஆட்டிப் பார்த்து, இல்லை, சரியாக உட்காரவில்லை என்று மறுபடியும் தூக்கியிருப்பான். அவன் அப்படிச் செய்ததால்தான் ஏறத்தாழ தொண்ணூறு வருஷம் கழித்து, எங்கிருந்தோ வந்த எங்கள் இரண்டு பேரின் முட்டியும் பத்திரமாக மேலே போகிறது. பொது வேலை என்று நாம் சாதாரணமாகச் சொல்லிவிடுகிறோம். அரசாங்க வேலை என்றால் ஏனோதானோ என்று இருக்கும் என்பது நம் எல்லார் வாயிலும் வரும் பேச்சு. இந்தப் படிக்கட்டை ஒரு தடவை ஏறிவிட்டு அதைச் சொல்லட்டும்.

"இவ்ளோ நல்லா போட்டவங்க யாருன்னு ஒரு பேர்கூட இல்லையே" என்றார் இவர், நடுவழியில் அகலக் கல்லில் உட்கார்ந்து.

"உக்கார இடம் போட்டு வெச்சிருக்காங்க. அது போதும்னு நினைச்சிருப்பாங்க."

பேலன்ஸ்டு ராக் படங்களில் பார்ப்பதைவிட நேரில் அழகு. மேலே பருத்து, அடி சிறுத்து, ஒரு முனையில் நிற்கும் பெரிய பாறை. அதற்குப் பின்னால் ஏரி. வரிசையில் நின்று படம் எடுக்க வேண்டியிருந்தது, எடுத்தோம், நகர்ந்தோம். உச்சியில் கிழக்கே திரும்பினால் டெவில்ஸ் டோர்வே வருகிறது. பாறைத் தூண்கள் இரண்டு பக்கம் எழும்பி, மேலே குறுக்குக் கல் பொருந்தி, வாசல் போல நிற்கும். அதன் வழியே தெற்கே பள்ளத்தாக்கும் அதற்கப்பால் மஞ்சளும் செம்பும் கலந்த காடும். பக்கத்துப் பாறையில் மலையேறிகள் கயிற்றில் தொங்கிக்கொண்டிருந்தார்கள். மிட்வெஸ்ட் மலையேறிகளுக்கு இது பெயர்பெற்ற இடம். கழுகுக் கூட்டம் ஒன்று, டர்க்கி வல்ச்சர் என்பார்கள், எங்கள் கண்மட்டத்தில் வட்டமிட்டது. இறக்கையை அடிக்கவே இல்லை. பாறையில் மோதி மேலெழும் காற்றே தூக்கிக்கொள்கிறது. கீழே நின்று வயிற்றுப் பக்கத்தையே பார்த்துப் பழகிய பறவையின் முதுகை அன்றுதான் பார்த்தேன்.

அங்கிருந்து திரும்பி, கிழக்குப் பாறை விளிம்போடு வடக்கே நடை. பைன், செடார் மரங்களின் வேர்கள் மண்ணே இல்லாத கல்லிடுக்கில் எப்படியோ பிடித்துக்கொண்டு நிற்கின்றன. இந்த நீண்ட நடையில்தான் நாங்கள் நிறையப் பேசினோம். மகள் கல்யாணம் பற்றிப் பேசவில்லை, வீட்டுக் கடன் பற்றிப் பேசவில்லை. ஓய்வு பெற்ற பிறகு எங்கே இருக்க வேண்டும் என்று எனக்கு ஒரு ஆசை உண்டு. இவருக்கும் ஒன்று உண்டு. இரண்டும் வேறு வேறு என்பது அன்றுதான் இரண்டு பேருக்குமே தெரிந்தது. உட்கார்ந்து பேசியிருந்தால் அது வாக்குவாதமாகியிருக்கும். நடக்கும்போது முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை, பதில் உடனே வர வேண்டியதில்லை, ஒரு ஏற்றம் வந்தால் பேச்சு தானாக நிற்கும், இறங்கும்போது வேறு குரலில் தொடங்கும். முடிவு எதுவும் எடுக்கவில்லை. சொல்லிக்கொண்டோம்.

வடகரையில் இறங்கும்போது மத்தியானம் தாண்டிவிட்டது. கூடாரத்துக்கு வந்ததும் முதல் வேலை, உண்ணி இருக்கிறதா என்று கால், கழுத்து, காது மடல் எல்லாம் பார்ப்பது. விஸ்கான்சின் காடுகளில் லைம் நோய் பரப்பும் மான் உண்ணி அக்டோபரிலும் இருக்கும். பேண்டைச் சாக்ஸுக்குள் விட்டுக்கொண்டு நடப்பது நல்லது.

ஏரி சுத்தமாகத் தெரிந்தது. ஆனால் அதற்கும் ஆள் வேலை இருக்கிறது. பழைய ஓட்டல் காலத்துக் கழிவும் சுற்றுப்புற நிலங்களிலிருந்து வந்த சத்தும் அடியில் பாஸ்பரஸாகத் தங்கி, பாசியை வளர்த்துவிட்டன. வெளியேற வழியில்லாத ஏரி என்பதால் அது தானாகப் போகாது. அதனால் ஆழத்திலிருந்து நீரை இழுத்து வெளியேற்ற நீளமான குழாய் ஒன்று போட்டார்கள். கொட்டிய பனிப்பாளம் கணக்கில் எடுக்காததை மனிதர்கள் கவனித்துக்கொண்டிருக்கிறார்கள்.

ஞாயிறு காலை கூடாரத்தைச் சுருட்டிவிட்டு, பேரபூவுக்கு வடக்கே இருக்கும் சர்வதேசக் கொக்கு அறக்கட்டளைக்குப் போனோம். 1973இல் ஜார்ஜ் ஆர்ச்சிபால்ட், ரான் சாவி என்ற இரண்டு மாணவர்கள் தொடங்கியது. உலகில் உள்ள பதினைந்து வகைப் பெருங்கொக்குகளும் இங்கே ஒரே இடத்தில் இருக்கின்றன. நம் வட இந்திய வயல்களின் சாரஸும் உண்டு; ஆளுயரத்துக்கு நிமிர்ந்து நின்று எங்களைப் பார்த்தது. 1930களில் விஸ்கான்சினில் சாண்ட்ஹில் கொக்கு அழியும் நிலைக்குப் போயிருந்தது. இன்று அக்டோபரில் அறுவடை முடிந்த சோள வயலில் எல்லாம் கூட்டம் கூட்டமாக மேய்கிறது. சாலையோரம் காரை நிறுத்தி அந்தக் கரகரத்த குரலைக் கேட்டோம். அதுவும் யாரோ விட்டுவைத்ததால் கேட்கக் கிடைத்தது.

திரும்பும்போது நெடுஞ்சாலையைத் தவிர்த்து 113ஆம் எண் சாலையில் மெரிமாக் வந்தோம். அங்கே விஸ்கான்சின் ஆற்றுக்குச் சாலைப் பாலம் இல்லை. சாலை தண்ணீருக்குள் போய் முடிகிறது. காரோடு ஏற்றி அக்கரையில் இறக்கிவிட மாநில அரசின் படகு இருக்கிறது. 1933இலிருந்து இலவசம். பத்து நிமிஷம்கூட ஆகாது. பனிப்பாளம் திருப்பிவிட்ட அதே ஆறு என்று இவர் காரை விட்டு இறங்கித் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"அடுத்து எப்போ?" என்றேன்.

"ஜனவரி. ஏரி முழுக்க உறைஞ்சிருக்கும். மேல நடக்கலாம்."

"எனக்கு மே மாசம். பக்கத்துலயே பார்ஃப்ரீஸ் கிளென்னு ஒரு பள்ளம் இருக்கு, ஓடையோடவே நடக்கலாம்."

குவார்ட்ஸைட் கேம்ப்கிரவுண்டில் வருஷம் முழுக்கக் கூடாரம் போடலாம். ஆனால் ஜனவரியில் கூடாரத்தில் படுக்க நான் தயாரில்லை, பேரபூவில் ஓர் அறை எடுத்துத் தரச் சொல்லியிருக்கிறேன். மே மாதத்துக்குக் கேம்ப்கிரவுண்ட் பதிவு செய்துவிட்டேன்.